கூப்பிடாமல் போட்ட டிக்

திங்கட்கிழமை காலை எட்டு முப்பத்தைந்துக்கு ஏழாம் எண் போனை எடுக்கவில்லை. பன்னிரண்டு முறை மணியடித்து அதுவாகவே ஓய்ந்தது. டோக்கன் அக்கா நம்பரை ஒருமுறை சரிபார்த்தாள். பாத்ரூமில் இருப்பார், வேறென்ன என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, எட்டாம் எண்ணைக் கூப்பிட்டு நலம் விசாரித்தாள். அந்த அம்மாள் என்ன பதில் சொன்னாள் என்று கேட்டால் இன்றைக்கும் அக்காவுக்குத் தெரியாது.

யார் இந்த ஏழாம் எண், இவள் ஏன் அவரைக் காலங்கார்த்தாலே கூப்பிட வேண்டும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். முதலில் அக்காவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து டோக்கன் கொடுத்தவள் அவள். அதனால்தான் அந்தப் பெயர். பல் பிடுங்க வருகிறவர்கள் அவள் குரலைக் கேட்டாலே பாதி வலி குறைந்துவிடும் என்பார்கள். மீதி வலியை, அவர்கள் கொடுத்த காசுக்குக் குறையாமல் டாக்டர் பார்த்துக்கொள்வார். டாக்டருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் கிளினிக்கை இழுத்து மூடிவிட்டார். கணவர் போய் அப்போதே நாலு வருஷம். மகள் தூரத்து ஊரில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள், மற்ற நாட்களில் அவளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

கிளினிக் மூடிய பிறகுதான் பயம் பெட்டி படுக்கையோடு வீட்டுக்குள் வந்து குடியேறியது. திருடன் பயமில்லை, பேய் பயமில்லை. வழுக்கி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். விழுந்தால் யாருக்குத் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிடுவாள், சரி. திங்கட்கிழமை விழுந்தால்? ஆறு நாள் கிடக்க வேண்டும். பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் போடுவதை விட்டாள். போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் குழாயில் மாட்டிவிட்டுத்தான் குளித்தாள். நாற்காலி மேல் ஏறி பல்பு மாற்றப் பயந்துகொண்டு, ஹாலில் மாதக்கணக்கில் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தெட்டு வயதில் இதெல்லாம் ரொம்ப ஓவர்தான். ஆனால் அதை அவளிடம் சொல்லக்கூட ஆளில்லையே!

ஒரு நாள் புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் நூலகர் அவளைப் பிடித்துக்கொண்டார். நாற்பது வயதுப் பெண்மணி, ஓர் இடத்தில் நிற்காத ஆள்.

"அக்கா, இவ்வளவு நல்ல குரலை வெச்சுக்கிட்டு வீட்ல சும்மா உட்கார்ந்திருக்கீங்களே, நியாயமா? நம்ம நூலகத்துக்காக தினமும் காலையில எட்டு பேருக்கு போன் பண்ணணும். தனியா இருக்கிற பெரியவங்க. எழுந்தாச்சா, உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கணும். அவ்வளவுதான்."

"எனக்கே யாராவது பண்ணா தேவலைன்னு இருக்கேன் நான்," என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நூலகரும் சிரித்துவிட்டு, அட்டையில் செருகிய தாளை அவள் கையில் திணித்தார்.

தாளில் எட்டுப் பெயர், எட்டு எண், விலாசம், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். பேசிவிட்டால் கட்டத்தில் டிக். எடுக்காவிட்டால் பத்து நிமிஷ இடைவெளியில் மூன்று தடவை முயற்சி செய்ய வேண்டும். அப்படியும் இல்லையென்றால் சாவி வைத்திருக்கும் அக்கம்பக்கத்தவருக்கு, அதற்குப் பிறகு நூலகருக்கு. தொண்டர்கள் யாரும் வீடு தேடிப் போகக் கூடாது. தங்கள் போன் நம்பரையும் கொடுக்கக் கூடாது. இதுதான் சட்டதிட்டம்.

சேவை, தியாகம் என்று யாராவது ஆரம்பித்தால் அக்காவுக்குச் சிரிப்பு வரும். ஏனென்றால் லாபமெல்லாம் அவளுக்குத்தான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். காலை எட்டு மணிக்குள் குளித்து, தலை வாரி, தொண்டையைச் செருமிச் சரிபண்ணிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. போனில் பேசுவதற்கு எதற்குத் தலை வாருவது என்று மகள் கிண்டல் செய்தாள். மூன்றாம் எண்ணின் முழங்கால், ஐந்தாம் எண்ணின் மருமகள் சண்டை, ஆறாம் எண் டீச்சரின் காணாமல்போன பூனை எல்லாவற்றையும் நாளெல்லாம் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். நாலு மாதம் கழித்து ஒரு நாள் குளித்துவிட்டு வெளியே வந்தபோதுதான் கவனித்தாள், போன் சமையலறையில் கிடந்தது. எத்தனை வாரமாக அதைப் பாத்ரூமுக்கு எடுத்துப் போகவில்லை என்று யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை. அன்றைக்கே நாற்காலி மேல் ஏறி பல்பை மாற்றினாள்.

இப்போது ஏழாம் எண்ணுக்கு வருவோம். ரயில் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தாறு வயது. அவருக்குத் தெரியாமல் அவர் பெயரை மருமகள் கொடுத்துவிட்டதில் மனிதருக்குக் கடுங்கோபம். பழைய லேண்ட்லைன் போன்தான் வைத்திருந்தார். அக்கா "வணக்கங்க, எப்படி இருக்கீங்க?" என்பாள். "இருக்கேன்" என்று சொல்லிப் பட்டென்று வைத்துவிடுவார். ஒன்பது வினாடி. ஒரு வருஷத்தில் ஒரு நாள்கூட அது பத்து வினாடி ஆனதில்லை. இந்த மனிதருக்கு நாம் கூப்பிட்டால் என்ன, கூப்பிடாவிட்டால் என்ன என்று அக்காவே சலித்துக்கொண்டதுண்டு.

அந்த ஒன்பது வினாடிதான் வினையாகப் போயிற்று. மற்ற ஏழு பேருக்கும் பேசி முடித்து டிக் போடுவாள். இவருக்கு மட்டும் டிக்கைப் போட்டுவிட்டு நம்பரை அழுத்துவாள். எப்படியும் எடுக்கப் போகிறார், "இருக்கேன்" என்று சொல்லப் போகிறார், பேனாவை எடுத்து மூடுவதற்குள் வைக்கப் போகிறார். முதலில் போட்டால் என்ன, பிறகு போட்டால் என்ன?

எட்டு நாற்பத்தைந்துக்கு இரண்டாவது தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. நேற்று பேசும்போது குரல் எப்படி இருந்தது என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. தாளைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் டிக் இருந்தது. ஆனால் அந்த "இருக்கேன்" மட்டும் காதுக்குள் இல்லை. என்னவோ உறுத்தியது. போனில் நேற்றைய அழைப்புகளைத் தேடினாள். ஆறாம் எண் இருந்தது. அடுத்து மகள் கூப்பிட்டது, முப்பத்தெட்டு நிமிஷம். அதற்கடுத்து எட்டாம் எண்.

ஏழாம் எண் இல்லவே இல்லை.

இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. ஏழாம் எண்ணுக்கு டிக் போட்ட அதே நொடியில் மகளின் அழைப்பு வந்தது. வேலை மாற்றல், வாடகை வீடு என்று ஏதேதோ பேசினார்கள். பேசி முடித்துத் தாளைப் பார்த்தால் ஏழாம் எண்ணுக்கு நேரே டிக். சரி, அடுத்தது எட்டு என்று போய்விட்டாள்.

அப்படியானால் அந்த மனிதர் கடைசியாகப் பேசியது சனிக்கிழமை காலையில். சனிக்கிழமை மத்தியானமே விழுந்திருந்தால்? இரண்டு நாள் தரையில் கிடந்திருப்பார். நேற்று கூப்பிட்டிருந்தால் நேற்றே தெரிந்திருக்கும். தண்ணீருக்குத் தவித்திருப்பாரோ? போன் மணி அடிக்கும், யாராவது வருவார்கள் என்று காத்துக் கிடந்திருப்பாரோ? எந்தச் சாவை நினைத்து அவள் ஒரு வருஷம் குழாயில் போனைக் கட்டித் தொங்கவிட்டாளோ, அதே சாவை இன்னொருவருக்குத் தன் கையாலேயே கொடுத்துவிட்டாளோ?

மூன்றாவது தடவையும் எடுக்கவில்லை. சாவி வைத்திருக்கும் லாண்டரிக்காரருக்குப் போன் போட்டாள். இரண்டு முறையும் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகத்தான் வந்தது. அடுத்து நூலகரைக் கூப்பிட வேண்டும். நம்பர் வரைக்கும் விரல் போயிற்று, அழுத்தவில்லை. அழுத்தினால் நேற்றுப் பேசினீர்களா என்றுதான் முதல் கேள்வி வரும். அக்கா தாளை அட்டையோடு பைக்குள் போட்டுக்கொண்டு, கதவை இழுத்துச் சாத்தினாள். அந்தக் கதவு சாத்தினால் தானாகவே பூட்டிக்கொள்ளும். படியிறங்கி ஓடி, வந்த பஸ்ஸில் ஏறினாள். வீடு தேடிப் போகக் கூடாது என்ற சட்டமெல்லாம் அப்போது எங்கே போயிற்றோ!

பஸ்ஸில் நல்ல கூட்டம். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே இருந்த தாள் கனத்தது. அந்தச் சமயத்தில்தான் இன்னொரு நினைப்பு மெல்ல எட்டிப்பார்த்தது. தாளில் டிக் இருக்கிறதே? நேற்றுக் காலை எட்டு முப்பத்தைந்துக்கு நன்றாக இருந்தார் என்று தாள் சொல்கிறதே? அதற்குப் பிறகு ஏதாவது நடந்திருந்தால் இவள் என்ன செய்வாள்? ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். "பாவம் அக்கா, நீங்கதானே கடைசியா பேசினீங்க" என்று ஆறுதல் வேறு சொல்வார்கள்.

சீ, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் நினைப்பு போகவில்லை. உண்மையைச் சொன்னால் தாளை வாங்கிக்கொள்வார்கள். தாள் போனால் எட்டு மணி போகும், மூன்றாம் எண்ணின் முழங்கால் போகும், டீச்சரின் பூனை போகும். மறுபடியும் அந்த இருட்டு ஹால்தான்.

பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் நூலகர். தகவல் போய்விட்டது! யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள்! விரல் பச்சைப் பொத்தான் பக்கமே போகவில்லை. மணி அடித்து ஓய்ந்தது. ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும். அதற்கப்புறம் மறுபடியும். பக்கத்தில் நின்ற ஒரு பெண், "போன் அடிக்குது பாருங்க," என்றாள். "தெரியும்மா," என்று சொல்லிவிட்டு அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லாண்டரிக் கடை கீழே, டிரைவர் வீடு மேலே இரண்டாவது மாடி. லாண்டரிக்காரர் அப்போதுதான் கடையைத் திறந்து மேஜை மேல் போர்வையை விரித்துக்கொண்டிருந்தார். அக்கா மூச்சிரைக்கச் சொன்னதைக் கேட்டதும் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார்.

"போன் சார்ஜ் இல்லாம செத்துக் கெடந்துச்சும்மா, இப்பதான் போட்டேன்," என்றவர், செத்து என்ற வார்த்தைக்கு அக்கா பதறியதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நேத்து அவரைப் பார்த்தீங்களா?"

"ஞாயித்துக்கிழமை நமக்கு லீவு. சனிக்கிழமை சாயங்காலம் சட்டை கொண்டுபோய் குடுத்தேன். மனுஷன் முட்டி ஆபரேஷனுக்கப்புறம் படியிறங்கியே எட்டு மாசம் ஆச்சு. எங்கயும் போயிருக்க மாட்டாரு."

எங்கும் போயிருக்க மாட்டார் என்றால் உள்ளேதான் இருக்க வேண்டும். அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள். கதவடியில் அன்றைய பேப்பர் பிரிக்காமல் கிடந்தது. லாண்டரிக்காரர் தட்டினார், "சார்! சார்!" என்று கூப்பிட்டார். உள்ளே சத்தமில்லை. சாவி பூட்டுக்குள் போக மறுத்து இரண்டு தடவை வழுக்கியது.

கதவு திறந்ததும் அக்கா முதலில் தரையைத்தான் பார்த்தாள். தரை சுத்தமாக இருந்தது. கட்டில் காலி, போர்வை நாலாக மடித்து வைத்திருந்தது. சமையலறையில் கழுவிக் கவிழ்த்த ஒரு டம்ளர். பாத்ரூம் கதவு மூடியிருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க இங்கயே நில்லுங்கம்மா, நான் பாக்குறேன்."

"வேண்டாங்க, நானே பாக்குறேன். என் தப்பு."

என்ன தப்பு என்று அவருக்குப் புரியவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கதவைத் தள்ளினாள். கண்ணைத் திறந்தாள். ஒரு வாளி, ஒரு சோப்பு, கம்பியில் ஒரு துண்டு. ஆள் இல்லை.

நிம்மதி வந்தது, அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. ஆபரேஷன் செய்த முட்டியோடு எங்கே போனார்? ஆஸ்பத்திரிக்கா? யார் தூக்கிப் போனார்கள்? ஒன்றும் புரியாமல் அவர் நாற்காலியிலேயே தொப்பென்று உட்கார்ந்தாள். எதிரே மேஜையில் லேண்ட்லைன் போன். அதன் பக்கத்தில் ஒரு நீளமான நோட்டு திறந்திருந்தது. பக்கம் முழுக்கத் தேதி, அதற்கு நேரே நேரம். 8.35. 8.36. 8.35. 8.41, பக்கத்தில் சிவப்பு மையில் "ஆறு நிமிஷம் தாமதம்". எஞ்சின் ஓட்டிய கை, ஒவ்வொரு நாளும் அவள் அழைத்த நேரத்தைக் குறித்து வைத்திருந்தது. முன் பக்கத்தைப் புரட்டினாள், அங்கேயும் அதேதான். சனிக்கிழமை 8.36. ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே முதலில் காலி விட்டு, பிறகு கீழே சின்னதாக எழுதியிருந்தது: "10.00 வரை வரவில்லை. 12.00 வரை வரவில்லை. 6.00 வரை வரவில்லை."

அக்கா நோட்டை மூடவும் தோன்றாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் போன் அடித்தது. நூலகர். இனி ஓடி ஒளிந்து என்ன ஆகப் போகிறது, நடப்பது நடக்கட்டும் என்று எடுத்தாள்.

"அக்கா!" நூலகரின் குரல் அலறியது. "ஐயோ, உயிரோட இருக்கீங்களா! எங்க இருக்கீங்க? உங்க வீட்டு வாசல்லதான் நிக்கிறோம்! கதவைத் தட்டித் தட்டி கையே வீங்கிப்போச்சு. பூட்டை உடைக்க ஆள் தேடிக்கிட்டு இருக்கோம்!"

"என் வீட்டு வாசல்லயா? எதுக்கு?"

"உங்க ஏழாம் நம்பர் ஐயாதான்! நேத்து நீங்க கூப்பிடலையாமே. நேத்து நூலகத்துக்குப் போன் பண்ணிருக்காரு, லீவு. இன்னிக்கு நான் வந்து கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடியே படியில வந்து உட்கார்ந்திருக்காரு. அந்தம்மாவுக்கு என்னவோ ஆயிடுச்சு, வீட்டைக் காட்டுன்னு ஒரே பிடி. நான் போன் பண்ணா நீங்களும் எடுக்கலை. அப்புறம் எங்களுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க?"

இந்த இடத்தில் அக்கா என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். லைன் கிடைக்கவில்லை, உடம்பு முடியவில்லை, தலைவலி. எதைச் சொன்னாலும் அந்த நேரத்தில் நம்பியிருப்பார்கள். அவள் நோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"நேத்து நான் அவரைக் கூப்பிடவே இல்லைம்மா. கூப்பிடறதுக்கு முன்னாடியே டிக் போட்டுட்டேன். அதைப் பார்த்து கூப்பிட்டாச்சுன்னு நெனச்சுட்டேன். அவருக்கு மட்டும் எப்பவும் அப்படித்தான் பண்ணிக்கிட்டு இருந்தேன். இப்ப அவர் வீட்லதான் இருக்கேன், செத்துட்டாருன்னு நெனச்சு வந்தேன்."

"நாளையிலேருந்து ஒரு மாசம் தாளை நான் வெச்சுக்கிறேன் அக்கா. வேற வழியில்ல," என்றார் நூலகர் மெதுவாக. அக்கா "சரிம்மா" என்றாள். போன் கைமாறியது.

"டிக் போட்டீங்களா?" ஒரு வருஷமாக ஒற்றை வார்த்தை பேசிய அதே குரல், இப்போது இரைந்தது. "கூப்பிடாம டிக் போட்டீங்களா? பச்சை சிக்னலைப் போட்டுட்டு அதுக்கப்புறம் தண்டவாளத்தைப் பார்ப்பானாம்மா எவனாவது? முப்பத்தாறு வருஷம் வண்டி ஓட்டினவன்கிட்ட சொல்ற பதிலா இது?"

"தப்புதாங்க. பெரிய தப்பு."

"ராத்திரி பூரா தூக்கமில்ல எனக்கு! உங்க பேரு தெரியாது, நம்பர் தெரியாது, வீடு தெரியாது. யாரைப் போய் கேக்கறது? உங்களுக்குன்னு யாராவது இருக்காங்களா இல்லையா, அதுகூடத் தெரியாது." மூச்சு வாங்கியது. "மூணு மாடி வெச்ச வீட்ல எதுக்கும்மா குடியிருக்கீங்க? வேகத்துல ஏறிட்டேன். இப்ப முட்டி மடங்க மாட்டேங்குது, இறங்க முடியல. உங்க கதவும் பூட்டிக் கெடக்கு. உட்காரக்கூட இடமில்லாம செவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"அசையாதீங்க! ஒரு படிகூட இறங்காதீங்க! இதோ வந்துட்டேன்!"

லாண்டரிக்காரர் என்னம்மா, ஏதும்மா என்று கேட்டுக்கொண்டே பின்னால் வர, அக்கா தடதடவென்று படியிறங்கினாள். தெருவில் கண்ணில் பட்ட முதல் டாக்ஸியைக் கைகாட்டி நிறுத்தி ஏறினாள். அந்த முட்டி வழுக்கினால்? அந்தப் படியில் ஒரு பக்கம் கைப்பிடியே கிடையாதே? கன்னத்தில் கண்ணீர் வழிந்ததை அவள் துடைக்கவே இல்லை.

டாக்ஸிக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "என்னம்மா, அழறீங்களே. யாருக்கு உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்ல தம்பி," என்றாள் அக்கா. "எனக்கு என்னவோ ஆயிடுச்சுன்னு என் வீட்டு வாசல்ல ஆளுங்க நிக்கிறாங்க. சீக்கிரம் போ."